இறக்கம் பார்த்து நிறுத்திய கார்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகனைப் பள்ளியில் விட வெளியே வந்தேன். எங்கள் காரின் முன்கண்ணாடியில், வைப்பருக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீட்டு செருகியிருந்தது. நகரசபையின் அபராதச் சீட்டு. நியூசிலாந்துக்கு வந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் தண்டனை.

பயந்துவிட்டேன் என்று எழுதினால் ஊரில் இருந்து படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் பயந்துதான் போனேன். குடியுரிமைக்கு மனுப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. ‘எப்போதாவது சட்டத்தை மீறியதுண்டா’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது இப்போது பொய்யாகிவிட்டதோ, அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டுமோ, எழுதினால் அதுவே வம்பாகிவிடுமோ என்று பள்ளிக்குப் போய்த் திரும்பும் வரை அதே யோசனை.

குற்றம் இதுதான்: வாகனம் போக்குவரத்துத் திசைக்கு எதிர்முகமாக நிறுத்தப்பட்டிருந்தது.

வெல்லிங்டன் முழுக்க மேடும் பள்ளமும்தான். எங்கள் வீடு ஒரு செங்குத்தான தெருவின் நடுவில், ஏறும்போது இடப்பக்கம் இருக்கிறது. சட்டப்படி வண்டியின் மூக்கு மேல் நோக்கி இருக்க வேண்டும். நான் என்ன செய்வேனென்றால், தெருவின் உச்சிவரை போய்த் திரும்பி, இறங்கி வந்து, சாலையைக் குறுக்கே வெட்டி, மூக்கு கீழே பார்க்க வாசலில் நிறுத்துவேன். எதிர்ப்பக்கம் வெறும் சரிவு, அங்கே நிறுத்த முடியாது. இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடமாக இப்படித்தான். தவறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இறக்கம் பார்த்து நிறுத்துவதுதான் பொறுப்பானவர்கள் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன்.

சீட்டைப் படித்துவிட்டு என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வந்தவாசிக்காரர், நான் ஆரணி. என்னைச் சீண்ட அவருக்கு ஆரணி என்ற ஒரு சொல் போதும்.

“ஆரணிக்காரங்கள ஏழு கடல் தாண்டிக் கொண்டாந்தாலும் மேடுதான் தேடுவாங்க. ஏம்மா, இது ஆட்டோமேட்டிக் வண்டி. மலை உச்சிலேர்ந்து உருட்டி உட்டாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. தெரியுமா தெரியாதா?”

தெரியும். வண்டி வாங்கிய அன்றே தெரியும். அது தலைக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

2

ஆரணியில் எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குப் பாவு விரிப்பார்கள். புடவையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நீவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழைய முடியாது.

தொண்ணூற்றொன்றில், நான் ஒன்பதாவது படிக்கும்போது, அப்பா அந்தத் தெருவுக்குள் ஒரு பழைய காரை ஓட்டி வந்தார். சாம்பல் நிறம். வேலூரில் ஒரு டாக்டர் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றது. அப்பாவுக்குப் பட்டு வியாபாரம். புடவைகளை மூட்டை கட்டி வேலூருக்கும் சென்னைக்கும் பஸ்ஸில் தூக்கிப் போய் அலுத்திருந்தார். கார் வந்ததும் அம்மா தேங்காய் உடைத்தாள். மறுநாள் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஆறு மணி. வீட்டு வாசலில் கார் அப்படியே நிற்கிறது. பாவைத் தோளில் சுமந்தபடி ஆறு பேர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் தணிகாசலம் அண்ணன். குரலைக் கேட்டால் சண்டைக்கு வருகிறார் என்று தோன்றும். ஆனால் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாகப் பந்தல்கால் நடுகிறவர் அவர்தான்.

“இன்னாங்ணா, மக்கரா?”

“அஞ்சு நிமிஷம் இரு தணிகாசலம். இதோ ஆயிடும்.”

“அஞ்சு நிமிஷத்துல எங்க தோளு எறங்கிடும். டேய், பாவ ஓரமா வைங்கடா. ஜல்தி வாங்க, புடிச்சித் தள்ளலாம்.”

தள்ளினார்கள். தெருக்கோடியில் கால்வாய்ப் பாலம் ஒன்று முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த மேட்டில் ஏற்றி, மறுபக்கம் உருட்டிவிட்டதும் கார் இருமிக்கொண்டே உயிர் பெற்றது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் பொறுத்த பிறகு தணிகாசலம் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணா, தெனம் நாங்க தள்றதுக்கு, சாயங்காலமே நீங்க பாலத்து மேட்டுல நிறுத்திடுங்களேன். காலைல பிரேக்க எடுத்தா அதுவே போய்க்கும். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் பேஜார் இல்ல.”

அன்றிலிருந்து கார் இருக்கும் இடம் பாலத்து மேடு என்றாகிவிட்டது. முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல். காலையில் அப்பா உள்ளே உட்கார்ந்து கையை ஆட்டியதும் அந்தச் செங்கல்லை இழுப்பது என் வேலை. இழுத்ததும் ஒரு நொடி கார் யோசிக்கும். பிறகு மெல்ல நகரும். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அது இருமும் சத்தம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்லூரிக்குப் போகும் வயதிலும் செய்தேன். பாவாடையில் செம்மண் கறை இல்லாமல் நான் பஸ் ஏறிய நாள் குறைவு.

எங்கே போனாலும் அப்பாவின் கண் மேட்டைத்தான் தேடும். படவேட்டுக் கோயிலுக்குப் போனால் அம்மனைப் பார்ப்பதற்கு முன் இறக்கம் பார்த்துவிடுவார். வந்தவாசியில் என்னைக் கொடுக்கப் போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, “பையன் தங்கம். வூட்டாண்டதான் ஒரு மேடு இல்ல” என்றார். அவர் சொன்ன ஒரே குறை அதுதான்.

காரின் இடது பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். பிளக்கில் கரி பிடித்தால் அப்பா கழிவுப் பட்டால் துடைப்பார், கைக்கு எளிதில் கிடைப்பது அதுதான் என்பதால். பானெட் ஆடாமல் இருக்க, மிச்சப் பாவைத் திரித்துக் கயிறாக்கிக் கட்டியிருந்தார். உலகத்தில் பட்டுக் கயிற்றால் பானெட் கட்டிய கார் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

3

இங்கே இருக்கும் காரும் சாமானியமானதல்ல. ஜப்பானில் யாரோ ஓட்டி, கப்பலேறி வந்தது. இரண்டாயிரத்தொன்றில் வாங்கினோம். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று ஐந்து வருடமாக எங்களுக்குத் தெரியாது. மகன் கவினுக்கு ஆறு வயது. அவன் தினமும் அவளுக்கு “குட் மார்னிங்” சொல்லுவான். ரேடியோவில் ஒரே ஒரு நிலையம்தான் கிடைக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கும், ஏறாது. குளிர்நாளில் சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. பொறுமையாகக் காத்திருப்பார்கள். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கும். ஆறு பேர் திட்டிக்கொண்டே வந்து தள்ளினால் மனம் ஆறும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனை. தேறினால்தான் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு வில்லை தருவார்கள். முதல் முறை போனபோது, “ஸ்டெப்னி டிக்கியில் இருக்கிறது” என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன் என்று நினைத்தேன். கேரேஜ்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாற்றுச் சக்கரத்துக்கும் பின்பெட்டிக்கும் இங்கே வேறு பெயர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

கவின் இப்போதெல்லாம் பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறான்.

“அம்மா, இங்கயே ஸ்டாப் பண்ணு. ஐ கேன் வாக்.”

“ஏன்டா, மழை வருதே?”

“நம்ம கார் சவுண்ட் பண்ணுது. எல்லாரும் பாக்கறாங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. சத்தம் போடுகிற காரில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று போனவள் நான். இவன் சீட்டில் சரிந்து உட்காருகிறான். தாத்தாவிடம் போனில் பேசச் சொன்னால், “ஹாய் தாத்தா, பை தாத்தா” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லி முடித்துவிடுகிறான். நான் எங்கே தவறவிட்டேன், வீட்டில் இன்னும் கண்டிப்பாகத் தமிழ் பேசியிருக்க வேண்டுமா, கண்டித்தால் அதுவும் வெறுத்துப்போகுமா. பதில் தெரியாமலே நாள் போகிறது.

4

சீட்டு வந்த அன்று அம்மாவைப் போனில் பிடித்தேன். இதைச் சொல்லிக் கொஞ்சம் சிரிக்கலாம் என்றுதான். அம்மா சிரிக்கிற நிலையில் இல்லை.

“உங்கப்பா பூக்காரம்மா தள்ளுவண்டிய இடிச்சிட்டாருடி. கூடை கவுந்து பூவெல்லாம் ரோட்ல. அந்தப் பொம்பள நல்லவ, ‘பரவால்லங்க, என் வண்டிதான் குறுக்க வந்துச்சி’ன்றா. அது ஓரமா நின்னுகினு இருந்துச்சி, எங்கருந்து குறுக்க வரும்?”

“அவங்களுக்கு அடியா?”

“இல்ல, அந்தாண்ட டீ குடிக்கப் போயிருந்தா. அவ நேரம் நல்லா இருந்துச்சி.”

அப்பாவுக்குச் சர்க்கரை. இடது கண் மங்கிப்போய் ஒரு வருடம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். டாக்டர் வண்டியே ஓட்டக் கூடாது என்று சொன்னது தெரியாது.

“இவரு கேக்கறாரா? ‘பொங்கலுக்குப் பாப்பா வருது, ஏர்போர்ட்டுக்கு யாரு போறது’ன்றாரு. இப்பவே புது டயர் மாட்டிகினு உக்காந்துகினு இருக்காரு. நான் சொன்னா எகிறுறாரு. நீ சொன்னாதான் கேப்பாரு. சொல்றியா?”

“சொல்றேம்மா.”

சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அப்பாவிடம் மழையைப் பற்றியும் பட்டு விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தேன். நாங்கள் வரும்போது அழைத்து வருவதற்காகத்தான் அவர் அந்தக் காரை வைத்திருக்கிறார். புடவை மூட்டை கொண்டுபோக எப்போதோ ஆள் வைத்தாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் போனபோது, மீனம்பாக்கத்தில் சட்டையில் கிரீஸ் கறையோடு, வழியில் இரண்டு முறை நின்ற கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கவினைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார். அந்த முகத்திடம் நான் எப்படி, ‘வராதீங்க’ என்று சொல்வேன்? சொல்லாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்த முறை தள்ளுவண்டிக்காரி டீ குடிக்கப் போகாமல் இருந்தால்? இந்த இரண்டு கேள்வியையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், கவினின் சீட் பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

5

நான் ஆரணியை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்பது. கல்யாணமாகி மூன்று மாதம். கணவர் முன்னாலேயே போய்விட்டார், எனக்கு விசா அப்போதுதான் வந்தது. மாலை விமானம்தான். காரின் குணம் தெரிந்து, விடிந்ததும் புறப்பட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. பெட்டிகளோடு வாசலுக்கு வந்தால், கார் வீட்டு எதிரிலேயே நிற்கிறது. சமதளத்தில். எட்டு வருடத்தில் முதல் முறையாக அப்பா அதைப் பாலத்து மேட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

“இன்னிக்குப் போயா மறப்பீங்க?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கல்யாணம், விசான்னு அலைச்சல்ல மறந்துட்டேன்” என்றார் அப்பா. சாவியைத் திருப்பினார். கிர் கிர் என்றது, அடங்கியது. மறுபடி திருப்பினார். அம்மா காரைத் திட்டினாள், அப்பாவைத் திட்டினாள். நான் பின்சீட்டில் புதுப் புடவையில், மடியில் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கணவரோடு வாழப் போகிற பெண் இப்படி வேண்டலாமா என்று உடனே இன்னொரு வேண்டுதல். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

ஆறு மணியானது. தணிகாசலம் அண்ணன் ஆட்களோடு வந்துவிட்டார்.

“இன்னாங்ணா, இன்னிக்கு வூட்டாண்ட நிறுத்திகீறீங்க? பாவு வந்தாச்சி. டேய், பாப்பா ஊருக்குப் போவுதுடா. நல்லாத் தள்ளுங்க.”

பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். டிக்கியின் மேல் பன்னிரண்டு கைகள். பட்டுச் சாயம் ஏறிய விரல்கள், சிவப்பும் பச்சையுமாக. கார் பாலம் ஏறியது, மறுபக்கம் உருண்டது, இருமியது, ஓடியது. பாலத்து மேட்டில் ஆறு பேரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ஆற்காட்டு ரோட்டில் திரும்பியபோது அவர்கள் தெருவுக்குள் பாவை விரிக்கத் தொடங்கியிருப்பார்கள். நினைத்துத் திரும்பி வந்திருந்தால்கூட வீட்டுக்குள் நுழைய முடிந்திருக்காது.

6

அபராதத்தைக் கட்டலாம், அல்லது காரணம் இருந்தால் எழுத்தில் விளக்கலாம் என்று சீட்டின் பின்பக்கம் இருந்தது. எனக்குக் காரணம் இருந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காவதாக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பாவு, பாலம், செங்கல், எல்லாவற்றையும். “கட்டிட்டு வேலையப் பார்ப்பியா, கதை எழுதிகினு” என்றார் கணவர். தபாலில் போட மனம் வராமல் நேரிலேயே கொண்டுபோனேன்.

கவுன்டரில் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் புன்னகைத்தார். செங்கல்லாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

“நல்ல காரணம்தான்” என்றார். “ஆனால் அந்தத் தெருவில் ஏறி வருகிறவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாதே. அவருக்குத் தெரிவது, தவறான பக்கத்திலிருந்து திடீரென்று கிளம்பி எதிரே வருகிற ஒரு கார் மட்டும்தான்.”

பணத்தைக் கட்டினேன். குடியுரிமை மனுவைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “நிறுத்தியதற்கான அபராதத்தையெல்லாம் அவர்கள் கேட்பதில்லை, கவலைப்படாமல் போங்கள்” என்றார்.

அன்று சாயங்காலம் காரைத் திருப்பி, மூக்கு மேலே பார்க்க நிறுத்தினேன். இறக்கம் பார்த்து நின்றபோது முன்கண்ணாடியில் துறைமுகமும் கடலும் தெரியும். இப்போது மேல்வீட்டு வேலியும் மலையும்தான். மறுநாள் கவின் ஏறி உட்கார்ந்ததும் கேட்டான். “கடல் எங்கம்மா?”

“பின்னாடி இருக்கு.”

அவன் பெல்ட்டை மீறித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜப்பான்காரிக்கு “குட் மார்னிங்” சொன்னான். நான் வண்டியைக் கிளப்பாமல் சற்று உட்கார்ந்திருந்தேன். கவுன்டர்ப் பெண்மணி சொன்னது காதிலேயே இருந்தது.

7

எங்களுக்கு மதியம் ஒன்றரை என்றால் ஆரணியில் காலை ஆறு. அப்பா வாசலில்தான் இருப்பார். தாளில் மூன்று வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

“யாரு, பாப்பாவா? இன்னா இந்நேரத்துல? கவின் நல்லாகீறானா?”

“நல்லா இருக்கான்பா.” பின்னால் தணிகாசலம் அண்ணனின் குரல் கேட்டது. இழு, தளர விடாதே என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

“வண்டி ரெடியாகீது. டயரு புதுசு, பேட்டரியும் மாத்திட்டேன். மெட்ராசுக்கு ஒரே அழுத்து.”

தாளைப் பார்த்தேன். மூன்று வாக்கியமும் அதிகாரிக்கு எழுதியது போல இருந்தன.

“அப்பா, நாங்க டாக்ஸில வந்துடறோம்.”

“டாக்ஸியா? நான் எதுக்குகீறேன்?”

“உங்க கண்ணு...”

“உங்கம்மா வத்தி வச்சிட்டாளா? எனக்கு ஒண்ணும் இல்ல. ஆரணில அத்தினி பேருக்கும் என் வண்டியத் தெரியும். சத்தம் கேட்டாலே ஒதுங்கிப்பாங்க.”

“ஆரணில ஒதுங்குவாங்கப்பா. மெட்ராஸ் ரோட்ல எதிர்ல வர்றவனுக்கு உங்களத் தெரியாது. நம்ம வண்டியத் தெரியாது. பின்னாடி கவின் உக்காந்துகினு இருப்பான்.”

தெருச் சத்தம் மட்டும் கேட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ, அம்மாவையே சொல்லவிட்டிருக்க வேண்டுமோ, ‘கவின்’ என்று சொன்னது அதிகமோ.

“நீ போன அன்னிக்கு வண்டி வூட்டாண்ட நின்னுச்சே, ஞாபகம் கீதா?” என்றார்.

“இருக்கு. மறந்துட்டீங்கன்னு அம்மா அந்தத் திட்டு திட்டினாங்களே.”

“மறப்பனா? வேணும்னுதான் நிறுத்தனேன். மக்கர் பண்ணிச்சின்னா ஒரு நாளு தள்ளிப் போவுமேன்னு பார்த்தேன். இந்தத் தணிகாசலம்தான் கெடுத்தான். பாவு வந்துச்சின்னு ஆள இட்டாந்து தள்ளி உட்டுட்டான்.” சிரித்தார். நெஞ்சிலிருந்து வருகிற சிரிப்பு, அந்தக் கார் இருமுவது போல.

“நானும் ஸ்டார்ட் ஆவக் கூடாதுன்னுதான்பா வேண்டிகினு இருந்தேன்.”

“தெரியும் போ” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்: “சாவிய உங்கம்மாகிட்ட குடுத்துடறேன். டாக்ஸிலயே வாங்க. ஆனா டிரைவர்கிட்ட சொல்லிடு, காலைல தெருக்குள்ள நேரா பூந்துடப் போறான், பாவு கெட்டுடும். பாலத்து மேட்டுலயே நிறுத்தச் சொல்லு. நான் அங்க நிக்கறேன்.”

“ஃப்ளைட்டு எப்ப எறங்கும், ரோடு எப்டி இருக்கும்னு தெரியாதுப்பா. எவ்ளோ நேரம் நிப்பீங்க?”

“பதினஞ்சு வருஷம் அந்த வண்டி அங்க நிக்கல? நான் ஒரு காலைப்பொழுது நிக்க மாட்டனா?”